எதிர் நாற்காலி

கேரம் போர்டு இல்லாத வீடு நம் பக்கத்தில் அபூர்வம். கோடை விடுமுறையில் நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. அதில் ஒருவனுக்குக் கை ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று பேரும் சும்மாவா இருப்பார்கள்? "விரல் கோட்டைத் தொட்டது" என்பான் ஒருவன். "பவுடர் ஜாஸ்தி" என்பான் இன்னொருவன். மூன்றாமவன் சமையலறைப் பக்கம் திரும்பிக் காப்பிக்குக் குரல் கொடுப்பான். கேரத்தில் தோற்பவனுக்கும் கை நிறைய வேலை உண்டு.

நான் இங்கே சொல்லப் போகும் ஆட்டத்தில் அந்தப் பாக்கியம் கிடையாது. எதிராளிக்குக் கை ஓடும் வரையில் நீங்கள் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக் கூடாது. எழுந்து நடமாடினால் அநாகரிகம். ஐந்து நிமிஷமோ, அரை மணியோ, உங்கள் தலைவிதியை இன்னொருவன் உங்கள் கண் முன்னாலேயே எழுதிக்கொண்டிருப்பான், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கிரிக்கெட்டில் பந்து பொறுக்கவாவது ஓடலாம். குத்துச்சண்டையில் அடி வாங்கும்போதே ஒரு கை ஓங்கலாம். தோல்வியை உட்கார வைத்துக் காட்டும் ஆட்டம் பாக்கெட் பில்லியர்ட்ஸ் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். ஒன்றும் இல்லை. அந்தக் கோலை நான் கையில் பிடித்தது ஆயுளில் இரண்டே தடவை. இரண்டாம் தடவை மேஜைத் துணி கிழிந்து, அபராதம் கட்டிவிட்டு வந்தேன். ஆனால் பார்ப்பதற்குக் கோல் வேண்டியதில்லையே! சங்கீதம் தெரியாமலே முப்பது வருஷம் கச்சேரி கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆட்டத்தின் விதியை நாலு வரியில் சொல்லி விடுகிறேன். ஒன்பதடி நீளம், நாலரையடி அகலத்தில் மேஜை. ஆறு குழிகள். ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட வர்ணப் பந்துகள். அவற்றை அடிக்க ஒரு வெள்ளைப் பந்து, கேரத்து ஸ்ட்ரைக்கர் மாதிரி. மேஜையில் இருப்பவற்றுள் எந்தப் பந்தின் எண் சிறியதோ, அதைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறைப்படி குழியில் தள்ளியவனுக்கு அந்த ஆட்டம். முதல் எட்டுப் பந்துகளையும் நீங்களே போட்டிருக்கலாம்; அதற்கு ஒரு காசு மதிப்புக் கிடையாது. பந்தல் போட்டு, மேளம் வைத்து, ஊரையெல்லாம் அழைத்த பிறகு, தாலி கட்ட வேறொருவன் வந்து நின்றால் எப்படி இருக்கும்? ஒன்பதாம் பந்தைத் தவற விட்டவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

இந்த மேஜைக்கும் நமக்கும் கொஞ்சம் உறவு உண்டு. இதற்குப் பங்காளியான ஸ்னூக்கர் ஆட்டம் 1875-ல் ஜபல்பூரில், மழைக்காலத்தில் பொழுது போகாத வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளிடையே பிறந்தது. அதற்குக் காரணகர்த்தாவான நெவில் சேம்பர்லின் என்ற அதிகாரி பிறகு ஊட்டிக்கு வந்தார். 1880-களில் அதன் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டு மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான். ஆனால் நான் பைத்தியமாகத் திரிந்தது ஸ்னூக்கருக்கு அல்ல. அமெரிக்கர்கள் வளர்த்த ஒன்பது பந்து ஆட்டத்துக்கு.

அமெரிக்காவில் இந்த ஆட்டங்களுக்குச் சக்கரவர்த்தியாக இருந்தவர் வில்லி மாஸ்கோனி. 1954-ஆம் வருஷம் ஓஹையோ மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், உள்ளூர்க்காரர் ஒருவரோடு ஒரு கண்காட்சி ஆட்டம் ஆடினார். எட்டடி மேஜை. எந்தப் பந்தை வேண்டுமானாலும் சொல்லி அடிக்கலாம் என்ற பழைய முறை. மாஸ்கோனி ஒரு தடவைகூடத் தவறாமல் 526 பந்துகளைக் குழியில் போட்டார். பார்த்திருந்தவர்கள் கையெழுத்துப் போட்டுச் சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். 65 வருஷம் அந்தச் சாதனை அசையவில்லை. 2019-ல் ஜான் ஷ்மிட் என்பவர் 626 பந்துகள் போட்டு அதைத் தாண்டினார்.

சரித்திரம் 526-ஐ ஞாபகம் வைத்திருக்கிறது. எனக்கோ அன்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர் மேலேயே நினைவு போகிறது. சக்கரவர்த்தியோடு ஆடப் போகிறோம் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருப்பார். வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பார். கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. ஜெயித்தவனை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான். 'தி ஹஸ்லர்' என்று 1961-ல் ஒரு சினிமா வந்தது. வால்ட்டர் டெவிஸ் எழுதிய நாவலைப் படமாக்கினார்கள், மாஸ்கோனியே ஆலோசகராக இருந்தார். அந்தப் படத்தால் அமெரிக்காவில் மங்கிக் கிடந்த பில்லியர்ட்ஸ் கூடங்களுக்கு மறுபடி உயிர் வந்தது. அதன் கதாநாயகனும் தோற்றுத்தான் பாடம் கற்கிறான்.

அமெரிக்கர்களின் இந்தச் சொத்து எப்படிக் கைமாறியது என்பது தனிச் சரித்திரம். 1898-ல் ஸ்பெயின் தேசத்தாரிடமிருந்து இரண்டு கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா பெற்றது. 1946 வரையில் ஆட்சி செய்தது. ஆட்சி போன பிறகும் லூசான் தீவிலுள்ள பம்பாங்கா மாகாணத்தில் அதன் பெரிய விமானப் படைத் தளம் 1991 வரையில் இருந்தது. ஆளுகிறவர்கள் சட்டத்தை மட்டும் கொண்டுவருவதில்லை; ஆட்டத்தையும் கொண்டுவருகிறார்கள். வெள்ளைக்காரன் நமக்குக் கிரிக்கெட்டை விட்டுப் போனான். பிலிப்பினோக்களுக்குக் கூடைப்பந்தும் பில்லியர்ட்ஸ் மேஜையும் மிஞ்சின.

அதே பம்பாங்காவில் 1954-ல், அதாவது மாஸ்கோனி 526 போட்ட அதே வருஷத்தில், எஃப்ரன் ரேயஸ் பிறந்தார். ஐந்து வயதில் மணிலாவில் மாமாவிடம் வந்து சேர்ந்தார். மாமா பில்லியர்ட்ஸ் கூடம் வைத்திருந்தார். பகலெல்லாம் மேஜை வாடிக்கையாளர்களுக்கு. இரவில் அதுவே பையனுக்குப் படுக்கை. கை எட்டாத வயதில் கோக்கோ கோலா பெட்டிகளை அடுக்கி, அவற்றின் மேல் ஏறி நின்று ஆடினானாம். பெயரில் இன்னொரு மூத்த எஃப்ரன் இருந்ததால் இவனைப் 'பாத்தா' என்று கூப்பிட்டார்கள். அவர்கள் பாஷையில் 'பொடியன்' என்று அர்த்தம். எழுபது வயது தாண்டியும் அவர் பொடியன்தான்.

1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பெரிய போட்டி நடந்தது. சீஸர் மொராலஸ் என்ற யாருக்கும் தெரியாத ஆசிய மனிதர் ஒருவர் வந்து, எல்லாரையும் ஜெயித்துவிட்டுப் போனார். பிறகுதான் தெரிந்தது, அவர் எஃப்ரன் ரேயஸ் என்று! முகம் தெரியாவிட்டாலும் பெயர் முன்னாலேயே கடல் தாண்டியிருந்ததால் வேறு பெயரில் வந்தாராம். 1994-ல் அமெரிக்க ஓப்பன் ஒன்பது பந்துப் போட்டியை வென்ற முதல் வெளிநாட்டவர் என்ற பெருமை அவருக்கு, அவருடைய சொந்தப் பெயரிலேயே கிடைத்தது. அடுத்த வருஷம் ரீனோ நகரில், எர்ல் ஸ்ட்ரிக்லண்ட் என்ற அமெரிக்க வீரர் பந்தை நன்றாக மறைத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தபோது, ரேயஸ் வெள்ளைப் பந்தை இரண்டு குஷன்களில் மோதவிட்டுக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, மறைந்திருந்த பந்தைத் தேடிப் பிடித்துக் குழியில் தள்ளினார். அந்த ஓர் அடியை நான் குறைந்தது நூறு தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் போகாது என்றே தோன்றும்.

1996-ல் இதே இருவரும் ஹாங்காங்கில் மோதினார்கள். முதலில் 120 ஆட்டம் ஜெயிப்பவருக்கு ஒரு லட்சம் டாலர்; மற்றவருக்கு ஒன்றும் இல்லை. மூன்று நாள் ஆடினார்கள். முடிவு: ரேயஸ் 120, ஸ்ட்ரிக்லண்ட் 117. மூன்று நாள் உழைப்புக்குப் பிறகு மூன்றே ஆட்டம் வித்தியாசம்! 1999-ல் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த கார்டிஃப் நகரில் நடந்த உலகப் போட்டியில், தைவானின் சாங் ஹாவ்-பிங்கை 17-8 என்று ரேயஸ் தோற்கடித்தார். அந்த வருஷம் ஸ்பெயினில் இன்னொரு உலகப் போட்டி நடந்து, அதில் இன்னொருவர் உலக வீரரானார் என்பது ஒரு வேடிக்கை. பிற்பாடு சமரசமாகி இரண்டையும் ஒப்புக்கொண்டார்கள். நம் ஊர்ச் சங்கங்களில் மட்டும்தான் இரண்டு தலைவர்கள் உண்டு என்று நினைக்க வேண்டாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2002-ல் நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். எழுத்தாளனாவது என்று தீர்மானித்திருந்தேன். பத்திரிகைகள் இன்னும் தீர்மானிக்கவில்லை. கீழ்க் கூடத்தில் ஒரு டெலிவிஷன் இருந்தது. இரவு பதினொரு மணிக்கு மேல் எல்லாரும் படுக்கப் போய்விடுவார்கள். நானும் எங்கள் வரிசையிலிருந்த பெரியவர் ஒருவரும் மட்டும் இருப்போம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அச்சகத்தில் கம்பாஸிட்டராக இருந்து, ஈய எழுத்துக் காலம் போன பிறகு அதே அச்சகத்தில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தார். குடும்பம் ஊரில். மாதம் ஒரு முறை போய் வருவார். தூக்கம் வராத மனிதர். ஒரு விளையாட்டு அலைவரிசையில் ஒன்பது பந்து ஆட்டம் வரும். அவருக்கு அதில் அபார ஈடுபாடு. புரூஃப் காகிதத்தின் பின்பக்கத்தில் பென்ஸிலால் ஸ்கோர் எழுதிக்கொண்டே வருவார். அவருக்கு இங்கிலீஷ் வராது. வர்ணனையை நான் மொழிபெயர்ப்பேன்.

அந்த ஜூலை மாதம் கார்டிஃபில் உலகப் போட்டி நடந்தது. எங்களுக்கு அது பதிவாகத் தாமதித்துத்தான் வந்தது. ஆனால் நம் பத்திரிகை எதுவும் அதன் முடிவைப் போடாத புண்ணியத்தால், எங்களைப் பொறுத்தவரை அது நேரடி ஆட்டமேதான்.

பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ பஸ்டமான்டே அந்த வருஷம் நல்ல உச்சத்தில் இருந்தார். 'ஜாங்கோ' என்று ஒரு கௌபாய்ப் படக் கதாநாயகன் பெயரை அவருக்குப் பட்டமாக வைத்திருந்தார்கள். அடிப்பதற்கு முன் கோலின் நுனியை மேஜைத் துணி வரையில் தாழ்த்தி, ஊஞ்சல் மாதிரி இரண்டு மூன்று தடவை ஆட்டுவார். எந்த இடத்தில் அடிக்கப் போகிறார் என்று பார்ப்பவனுக்குப் புரியாது. கடைசி நிமிஷத்தில் கோல் எங்கிருந்தோ நேரே வந்து பந்தைத் தொடும். "இவன் எழுத்துக் கோக்கிற மாதிரி அடிக்கிறான், தம்பி. கை தானாப் போகுது" என்பார் பெரியவர்.

போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பஸ்டமான்டேயின் கைக்குழந்தை ஊரில் இறந்துபோய்விட்டது. செய்தி கார்டிஃபுக்கு வந்தது. அவர் போட்டியை விட்டுப் போகவில்லை. தொடர்ந்து ஆடினார், இறுதி ஆட்டத்துக்கும் வந்துவிட்டார்.

இதை நான் மொழிபெயர்த்தபோது பெரியவர் பென்ஸிலைக் கீழே வைத்தார்.

"ஏன் தம்பி, இந்த ஆள் ஊருக்குப் போகலியா?"

"கடல் தாண்டி உலகத்தின் மறுபக்கம் போகணும், ஐயா. போட்டியும் நடுவிலே இருக்கு."

"தூரம் கிடக்கட்டும். குழந்தை போயிடுச்சுங்கறே. இங்கே பந்து உருட்டிக்கிட்டு இருக்கானே?"

எனக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. அந்த வயதில் நமக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். கலைஞன், கடமை, மனோதிடம் என்றெல்லாம் பெரிய வார்த்தைகளை எடுத்து வீசினேன். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நீ இன்னும் தகப்பன் ஆகலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பென்ஸிலை மறுபடி எடுத்தார்.

இறுதி ஆட்டத்தில் எதிராளி அதே எர்ல் ஸ்ட்ரிக்லண்ட். யார் முதலில் 17 ஆட்டம் ஜெயிக்கிறார்களோ அவருக்குக் கோப்பை. ஸ்ட்ரிக்லண்ட் ஆடும்போதெல்லாம் காமிரா எதிர் நாற்காலியின் பக்கம் திரும்பும். பஸ்டமான்டே அங்கே உட்கார்ந்திருப்பார். அதுவரையில் நான் பந்தைத்தான் பார்த்துவந்தேன். அன்று நாற்காலியைப் பார்த்தேன். மேஜையருகே நின்றபோது அவருக்குச் செய்யக் காரியம் இருந்தது. கோலின் நுனிக்குச் சாக் தடவ வேண்டும். கோணம் பார்க்க வேண்டும். அடுத்த பந்துக்கு இடம் பிடிக்க வேண்டும். நாற்காலிக்குத் திரும்பியதும் ஒரு காரியமும் இல்லை. அங்கே வந்து உட்கார்ந்த நிமிஷத்தில் ஆட்டக்காரர் போய்விட்டார். தகப்பன் மட்டும் மிஞ்சினார். பந்துகள் அவர் கண்ணில் பட்டனவா என்றுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு ஸ்ட்ரிக்லண்ட் ஒன்றைத் தவற விடுவார். இவர் எழுந்திருப்பார். இரண்டு எட்டு நடப்பதற்குள் முகம் மாறிவிடும்.

ஸ்ட்ரிக்லண்ட் 17-15 என்று ஜெயித்தார். பெரியவர் கடைசி எண்ணை எழுதிக் கோடு போட்டார். டெலிவிஷனை அணைத்துவிட்டு மாடிப்படி ஏறும்போது திரும்பி, "தோத்ததும் ஒரு வழிக்கு நல்லதுதான். ஜெயிச்சிருந்தா அந்தக் கோப்பையைத் தூக்கிக்கிட்டுப் போய் யார் கையிலே கொடுப்பான்?" என்றார்.

என் பெரிய வார்த்தைகளில் இதற்குப் பதில் இல்லை.

விசிறியாக இருப்பதென்றால் சும்மா இல்லை. உங்கள் ஆள் ஜெயித்தாலும் நிம்மதி கிடையாது. 2006-ல் ரீனோவில் ரேயஸ் ஐந்து லட்சம் டாலர் பரிசு வென்றார்; அந்த ஆட்டத்தில் அதுவரை கேள்விப்படாத தொகை. ஊரைக் கூட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். பிறகு, நடத்தியவர்களால் பரிசுப் பணத்தைச் சொன்னபடி கொடுக்க முடியவில்லை, தவணையில் தருவார்கள் என்று செய்தி வந்தது. ஜெயித்தவருக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள்! 2008, 2009 இரண்டு வருஷமும் உலக ஒன்பது பந்துப் போட்டியே நடக்கவில்லை.

அந்த 2008-ல் என் தாயார் காலமானார். அப்போது எனது இரண்டாவது தொடர்கதை வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது மாலை ஆறு மணிக்கு. தம்பி வெளியூரிலிருந்து விடிந்த பிறகுதான் வர முடியும். மறுநாள் காலையில் அத்தியாயம் பத்திரிகைக்குப் போயாக வேண்டும். ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார். நான் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு மாடி அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். அந்த வாரம் வந்தது ஹாஸ்ய அத்தியாயம். கதாநாயகியின் மாமா மாப்பிள்ளை பார்க்கப் போய், வீடு மாறி உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிற கட்டம். பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எழுதி முடித்துப் பேனாவை மூடினேன். அந்த 'டக்' என்ற சப்தம் கேட்டதும்தான் கீழே கூடத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது முழுதாக உறைத்தது. அதற்குப் பிறகு விடியும் வரையில் நான் இருந்த இருப்பை இங்கே எழுதுவதாக இல்லை.

அந்த அத்தியாயத்தைப் பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன. இன்றுவரை நான் அதைத் திரும்பப் படித்ததில்லை. புத்தகமாக வந்தபோதும் அந்தப் பக்கங்களின் புரூஃபை வேறு ஒருவர்தான் பார்த்தார்.

கடமை என்றும் மனோதிடம் என்றும் மேன்ஷனில் நான் பேசியது எவ்வளவு பிசகு என்று அன்று புரிந்தது. பெரியவர் கேட்ட கேள்வியும் முழுக்கச் சரியில்லை என்று தோன்றியது. நான் எழுதியது அம்மாவை மறந்ததால் அல்ல, பெரிய நெஞ்சுரத்தாலும் அல்ல. எழுதுகிற வரையில் கீழே போக வேண்டியதில்லை, அவ்வளவுதான். கைக்குத் தெரிந்த காரியம் ஒன்று இருந்தது, அது என்னைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்துக்கொண்டது. கார்டிஃபில் அந்த மனிதர் எதற்காக எழுந்து எழுந்து மேஜைக்குப் போனார் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என்னைப் பற்றித்தான் சொல்லலாம்.

2010-ல் உலகப் போட்டி மறுபடி நடந்தது, கத்தார் தேசத்து டோஹாவில். பஸ்டமான்டேக்கு வயது 46. இறுதி ஆட்டத்தில் தைவானின் குவோ போ-செங்கை 13-7 என்று ஜெயித்து உலக வீரரானார். கார்டிஃபுக்குப் பிறகு எட்டு வருஷம். நடுவில் அதே பட்டத்தை அவருடைய நாட்டுக்காரர்களான அலெக்ஸ் பகுலாயனும் ரானி அல்கானோவும் 2004-லும் 2006-லும் வாங்கியிருந்தார்கள். இவர் காத்திருந்தார்.

எனக்குப் பெரியவருக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போயிருந்தார். பழைய மேன்ஷனில் விசாரித்து விலாசம் வாங்கி, ஒரு கார்டு எழுதினேன். அந்த ஆள் ஜெயித்துவிட்டார் என்றும், இப்போது அந்தக் கோப்பையை என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தேன்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. அச்சுப் போன்ற அதே கையெழுத்து. "இங்கே டெலிவிஷனில் அந்த ஆட்டம் வருவதில்லை. ஸ்கோர் எழுதவும்" என்று மட்டும் இருந்தது.

13-7 என்று எழுதிப் போட்டேன்.

இரண்டாவது கார்டு வந்தது. "சந்தோஷம். ஆனாலும் தம்பி, என் கணக்கில் அந்தப் பதினைந்துதான் பெரிய ஸ்கோர். அன்றைக்கு நான் பேசியது தப்பு."

அந்தக் கார்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தப்பு அவர் ஒருவருடையது மட்டுமா என்று பதில் எழுத நினைத்தேன். இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டதில், அதற்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது.